குடியிருப்புக்குள் இருக்கும் கழிவுநீர் பம்பி நிலையம் இடம் மாறும்போது: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையக நகரங்களில் நிலத்துக்கடியில் குழாய் போட்டுக் கழிவுநீர் கொண்டுபோகும் இடங்கள் குறைவு. பெரும்பாலான வீடுகளில் இன்றும் மலசலகூடக் குழிதான். ஆனாலும் கண்டி நகரத்திலும், சில வீடமைப்புத் திட்டங்களிலும், பெரிய ஆஸ்பத்திரி, ஹோட்டல் வளாகங்களிலும் கழிவுநீர்க் குழாய் இருக்கிறது. குழாய் இருந்தால் பெரும்பாலும் எங்காவது ஒரு பம்பி நிலையமும் இருக்கும். கட்டிய காலத்தில் ஓடைக்கரையில் ஒதுக்குப்புறமாக இருந்த அந்தச் சின்னக் கட்டடத்தைச் சுற்றி இப்போது வீடுகள் வந்துவிட்டன. அதை இடம் மாற்றிப் பெரிதாகக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் மேட்டு வீட்டுக்காரரும் பதறுகிறார், பள்ளத்து வீட்டுக்காரரும் பதறுகிறார். அப்போது எழும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில். பள்ளத்தில் இருப்பவர்கள் பக்கம் நின்றே எழுதியிருக்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பம்பி நிலையம் என்றால் சுத்திகரிப்பு நிலையமா?

இல்லை. இங்கே எதுவும் சுத்திகரிக்கப்படுவதில்லை. வீடுகளின் மலசலகூடம், குளியலறை, குசினி ஆகியவற்றிலிருந்து வரும் நீர் ஒரு ஆழமான கொங்கிறீட் கிணற்றில் சேரும். குறித்த மட்டத்துக்கு ஏறியதும் பம்பி தானாக ஓடி, அழுத்தக் குழாய் வழியாக அதை மேலே தள்ளிவிடும். மட்டம் இறங்கியதும் நின்றுவிடும். நாள் முழுக்க இதுதான் வேலை. நீர் கடைசியாகப் போய்ச் சேருவது வேறிடம். கண்டி நகரக் கழிவுநீர் கன்னொருவையில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. ஜப்பானிய உதவிக் கடனில் கட்டப்பட்ட அந்த நிலையம் நாளொன்றுக்கு 14,000 கனமீற்றர் நீரைச் சுத்திகரிக்கும்படி திட்டமிடப்பட்டது.

மலையில் தண்ணீர் தானாகவே இறங்குமே, பம்பி எதற்கு?

இறங்கும்தான். இறங்கி நேராக ஓடைக்குப் போகும், அதுதான் பிரச்சினை. கண்டி வாவியிலிருந்து புறப்படும் மெத எல நகரத்தின் அழுக்கையெல்லாம் வாங்கிக்கொண்டு கெட்டம்பேயில் மகாவலியில் கலப்பதைக் கண்டிக்காரர் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அப்படிக் கலக்காமல் இருக்க வேண்டுமென்றால், பள்ளத்தில் சேரும் நீரை மறித்து, இன்னொரு மேட்டைத் தாண்டி சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் பக்கம் ஏற்றிவிட வேண்டும்.

அதனால் பம்பி நிலையம் எப்போதுமே ஊரின் ஆகத் தாழ்ந்த இடத்தில்தான் அமையும். அந்தத் தாழ்ந்த இடத்தில் யார் குடியிருக்கிறார்கள்? பாதையோரத்து நல்ல காணி வாங்க வசதியில்லாதவர்கள், ஓடைக்கரையில் நாலு பேர்ச் பிடித்துக் கட்டியவர்கள், பழைய லயத்து ஆட்கள். மேலேயுள்ள நூறு வீட்டுக் கழிவு இவர்கள் வாசலுக்கு வருகிறது. மழைநாளில் கிணறு பொங்கினால் முதலில் நனைவதும் இவர்கள் முற்றம்தான். இடமாற்றம் பற்றிய எந்தப் பேச்சும் இதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இவ்வளவு காலம் ஓடியதுதானே, இப்போது ஏன் மாற்ற வேண்டும்?

காரணம் பெரும்பாலும் ஒன்றல்ல, நாலைந்து சேர்ந்திருக்கும். பழைய கிணறு வெள்ள மட்டத்துக்குக் கீழே இருக்கும். ஓடை பெருகினால் மின் பலகை நனைந்து எல்லாம் நின்றுவிடும். கழிவகற்றும் பவுசரோ கிரேனோ வரப் பாதை இருக்காது, பழுதான பம்பியை ஆட்கள் தோளில் சுமந்து படியேற்ற வேண்டியிருக்கும். கழிவுநீர் வாயு கொங்கிறீட்டை உள்ளேயிருந்து அரித்து, கம்பி வெளியே தெரியும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கும். வீடுகள் பெருகியதால் பம்பியின் திறனும் போதாது.

மலையகத்தில் இன்னொன்றும் உண்டு, சரிவு. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். நிலம் ஒரு அடி நகர்ந்தாலும் குழாய் மூட்டு விட்டுப்போகும். விட்டுப்போன மூட்டிலிருந்து கசியும் நீர் அதே சரிவை இன்னும் ஊறவைக்கும். அதனால் புதிய இடத்துக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கை இருக்கிறதா என்பதுதான் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பம்பியின் விலையெல்லாம் அப்புறம்.

அப்படியானால் ஊருக்கு வெளியே, ஆளில்லாத இடத்துக்குக் கொண்டுபோகலாமே?

மேட்டுக்குக் கொண்டுபோக முடியாது, கழிவுநீர் அங்கே தானாக ஏறாது. பக்கவாட்டில் நகர்த்தலாம். ஆனால் கொண்டுபோகும் குழாய்க்குச் சரிவு வேண்டும் என்பதால், தூரம் கூடக்கூடப் புதிய கிணற்றின் ஆழமும் கூடும். நூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் இறக்கம் என்று வைத்துக்கொண்டால், சமதரையில் 300 மீற்றர் தள்ளிப் போவதற்கு 3 மீற்றர் கூடுதலாகத் தோண்ட வேண்டும். ஓடையோரத்தில் 3 மீற்றர் என்றால் ஊற்றும் பாறையும் வரும், செலவு ஏறும். ஓடைக்கீழ்ப் பக்கமாகப் போனால் நிலமும் சேர்ந்து இறங்குவதால் ஆழப் பிரச்சினை குறையும். ஆனால் அந்தக் கீழ்ப்பக்கத்திலும் யாரோ குடியிருப்பார்கள்.

இங்கேதான் அநியாயம் நடக்க வாய்ப்பு அதிகம். வீடமைப்புத் திட்டத்தார் மனுக் கொடுத்து நிலையத்தை நகர்த்த, அது கீழேயுள்ள லயத்து வரிசைக்குப் பக்கத்தில் போய் அமரும். அந்த லயத்து வீடுகளுக்குக் கழிவுநீர் இணைப்பே இருக்காது. மணம் மட்டும் கிடைக்கும். நிலையம் வந்து சேரும் இடத்து வீடுகளுக்கு முதலில் இணைப்பு, அப்புறம்தான் மேல்வீடுகளின் நீர் என்று திட்டத்திலேயே எழுதி வாங்க வேண்டும். வாய்மொழி உறுதி போதாது.

எவ்வளவு பெரிய பம்பி வேண்டும்?

உதாரணத்துக்கு 600 வீடுகள், வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளுக்கு 120 லீற்றர் தண்ணீர் என்று எடுப்போம். அதில் சுமார் 80 வீதம் கழிவுநீராகத் திரும்பும். மொத்தம் நாளுக்கு 2,30,400 லீற்றர், அதாவது மணித்தியாலத்துக்குச் சராசரி 9,600 லீற்றர். ஆனால் யாரும் சராசரியாகக் குளிப்பதில்லை. காலை ஐந்தரைக்கும் ஏழரைக்கும் நடுவே பிள்ளைகள் பாடசாலைக்கு, பெரியவர்கள் வேலைக்கு என்று எல்லாக் குழாயும் ஒன்றாகத் திறக்கும். அந்த நேரத்துக்குச் சராசரியின் மூன்று மடங்கு என்று வைத்தால் மணித்தியாலத்துக்கு 28,800 லீற்றர், செக்கனுக்கு 8 லீற்றர். ஒரு பம்பி தனியாக அந்த 8 லீற்றரையும் ஏற்ற வேண்டும். அதே திறனுள்ள இன்னொன்று பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஓடினால்தான் சமாளிக்கலாம் என்ற நிலை வந்தால், உண்மையில் மாற்றுப் பம்பி இல்லை என்று அர்த்தம்.

சரி, எதற்கும் பெரிய குழாயாகவே போட்டுவிட்டால் நல்லதுதானே?

நல்லதல்ல. 8 லீற்றருக்கு 100 மில்லிமீற்றர் குழாய் என்றால் நீர் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் வேகத்தில் ஓடி, மணலையும் கசட்டையும் அள்ளிக்கொண்டு போகும். 200 மில்லிமீற்றர் போட்டால் வேகம் கால் மீற்றராகிவிடும், கசடு அடியில் படியும். 800 மீற்றர் நீளமென்றால் சின்னக் குழாயில் நிற்பது சுமார் 6,300 லீற்றர், பெரியதில் 25,000 லீற்றர். இரவில் வரத்துக் குறைந்த நேரத்தில் அந்த 25,000 லீற்றர் பல மணித்தியாலம் காற்றில்லாமல் கிடந்து அழுகும். விடியற்காலையில் மறுமுனையில் எழும் அழுகிய முட்டை வாடைக்கு அதுதான் காரணம். எதிர்காலத்துக்கு இடம் வேண்டுமென்றால் இரண்டு சின்னக் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் புதைத்து, இரண்டாவதைத் தேவை வரும்போது திறப்பதே புத்திசாலித்தனம்.

மழை பெய்தால் மட்டும் ஏன் பொங்குகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறதென்றால், இதை வாசியுங்கள்.

கழிவுநீர்க் குழாய் மழைநீருக்காகப் போடப்பட்டதல்ல. ஆனால் நம் ஊர்களில் கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாயைப் பலர் வீட்டு மேன்ஹோலுக்குள் விட்டிருக்கிறார்கள். 60 சதுர மீற்றர் கூரை, மணித்தியாலத்துக்கு 50 மில்லிமீற்றர் மழை. மலையகத்தில் இது அபூர்வமான மழையல்ல. ஒரு கூரையிலிருந்து மட்டும் 3,000 லீற்றர் வரும். பத்துக் கூரையென்றால் 30,000. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: 600 வீடுகளும் சேர்ந்து காலையில் அனுப்பும் உச்ச அளவே 28,800 லீற்றர்தான். அதாவது 600 வீட்டில் வெறும் பத்து வீட்டுக் கூரைக் குழாய் தவறாகச் சேர்ந்தாலே நிலையத்தின் முழுத் திறனும் போய்விடும். ஐம்பது வீடு சேர்ந்தால் ஐந்து மடங்கு. அதைத் தாங்கும் பம்பியை யாரும் கட்டித்தர மாட்டார்கள். கட்டினாலும் அது மழையில்லாத நாளில் சரியாக ஓடாது. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் நாட்டில் இந்தத் தவறு ஒன்றே எந்தப் புதிய நிலையத்தையும் முதல் வருட மே மாதத்திலேயே தோற்கடிக்கும்.

தவறான இணைப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வெயில் நாளில் கூரைப் பீலியில் ஒரு வாளி சாயத் தண்ணீர் ஊற்றினால் போதும்; சாயம் பாதையோரத்துக் கானில் வருகிறதா, கழிவுநீர் மேன்ஹோலில் வருகிறதா என்று பார்த்துவிடலாம். மேன்ஹோல் மூடியைத் திறந்து பார்ப்பதைச் சபை ஆட்களே செய்ய வேண்டும்.

ஆனால் ஆட்கள் வேண்டுமென்று இப்படிச் செய்வதில்லை. சரிவில் நெருக்கியடித்துக் கட்டிய வீட்டில் கூரைநீரை எங்கே விடுவது? கீழ்வீட்டு மதிலில் விட்டால் சண்டை; மண்ணில் விட்டால் மேடு சரியும் பயம். கைக்கெட்டிய ஒரே வழி மேன்ஹோல். அதனால் முதலில் மழைநீருக்கு ஒழுங்கான கான் கட்டித் தராமல், வீடு வீடாகப் போய்க் குழாயை வெட்டுவதும் தண்டம் போடுவதும் நியாயமில்லை. பம்பி நிலைய மேம்பாட்டுச் செலவில் கான் வேலைக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் பங்கு இல்லாத திட்டம் அரைகுறைத் திட்டம்.

கரண்ட் போனால் என்ன நடக்கும்?

பம்பி நிற்கும், நீர் வருவது நிற்காது. நம் உதாரணத்தில் உச்ச நேரத்தில் இரண்டு மணித்தியாலம் தாங்க 57,600 லீற்றர் கொள்ளளவு வேண்டும். 6 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 2.4 மீற்றர் நீருயரம் உள்ள தொட்டி அதற்குச் சரியாக இருக்கும். சராசரி வரத்தென்றால் அதே தொட்டி 6 மணித்தியாலம் தாங்கும்.

"ஜெனரேட்டர் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்பார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது டீசலும்தான் கிடைக்கவில்லை, வரிசையில் நின்றதை யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. அதனால் தொட்டி, ஜெனரேட்டர் இரண்டும் வேண்டும். ஜெனரேட்டருக்கு எத்தனை மணித்தியாலத்துக்கான டீசல் அங்கேயே இருக்கும், மாதம் ஒருமுறை சுமையோடு ஓட்டிப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். வருடக்கணக்கில் ஓட்டாத ஜெனரேட்டர் தேவைப்படும் இரவில் கிளம்பாது.

இவ்வளவுக்கும் பிறகு நிரம்பினால் நீர் எங்கே வழியும் என்பதையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான நிலையங்களுக்கு ஒரு வழிவு வாய் உண்டு. அது ஓடையில் திறக்கிறது என்றால், அதற்குக் கீழே எத்தனை பேர் குளிக்கிறார்கள், யாருடைய மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் போகிறது என்று பார்த்துத்தான் இடம் குறிக்க வேண்டும்.

மணம் வருமா?

கவனமாகக் கட்டி, கவனமாகப் பராமரித்தால் வேலிக்கு வெளியே தெரியாது. மணத்துக்கு முக்கிய காரணம் ஐதரசன் சல்பைட்டு வாயு. காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். அதனால் கிணற்றை நன்றாக மூடி, உள்ளேயுள்ள காற்றை மின்விசிறியால் இழுத்து ஒரு வடிகட்டி வழியாக வெளியே விடுவார்கள். வடிகட்டியில் போடும் கரி பெரும்பாலும் சிரட்டைக் கரியிலிருந்து செய்த செயற்படுகரி. உலகத்துக்கே அதை ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது, தட்டுப்பாடு என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. கரி காலம் செல்லச் செல்ல வலுவிழக்கும், மாற்ற வேண்டும். திறப்பு விழா முடிந்து இரண்டு வருடத்தில் மணம் திரும்பி வந்தால், கரி மாற்றப் பணம் ஒதுக்கவில்லையா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

நுவரெலியா போன்ற குளிர் இடங்களில் கழிவுநீர் மெதுவாகத்தான் அழுகும், மணம் ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் குளிர் வேறொரு வம்பைக் கொண்டுவருகிறது. அது அடுத்த கேள்வியில்.

குசினித் தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய் போனால் என்ன ஆகிவிடும்?

தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். நுவரெலியா, ஹற்றன் பக்கம் காலையில் போத்திலைக் கவிழ்த்தால் எண்ணெய் இறங்காது, அடுப்புப் பக்கம் வைத்து உருக்க வேண்டும். அதே எண்ணெய் சுடுநீரோடு கலந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் இறங்கும்போது நீராகத்தான் போகும். பத்து மீற்றர் போனதும் குளிர்ந்த குழாய்ச் சுவரில் வெள்ளையாக ஒட்டும். அதன்மேல் சோற்றுப் பருக்கை, முடி, தேங்காய்த் தும்பு ஒட்டும். நாளடைவில் குழாயின் வாய் சுருங்கிப்போகும். மிதக்கும் கொழுப்பு கிணற்றில் தடித்த ஆடையாகப் படர்ந்து, மட்டம் பார்க்கும் மிதவையைப் பிடித்துக்கொள்ளும். மிதவை அசையாவிட்டால் பம்பிக்கு ஓட வேண்டிய நேரம் தெரியாது. கடாயைக் கழுவுமுன் பழைய பத்திரிகைத் தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். கொத்துக்கடை, சாப்பாட்டுக்கடை, ஹோட்டல்களுக்குக் கொழுப்புப் பொறி (எண்ணெயையும் கொழுப்பையும் குழாய்க்குப் போகுமுன் பிரித்துத் தேக்கும் சின்னத் தொட்டி) கட்டாயம் இருக்க வேண்டும். அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்க வேண்டும்.

துணி, சனிட்டரி நாப்கின், குழந்தைகளின் பம்பர்ஸ், ஈரத்துடைப்பான் எதுவும் மலசலகூடத்தில் போகக்கூடாது. பம்பியின் சுழலியில் இவை கயிறுபோல் முறுக்கிக்கொள்ளும். அதைக் கையால் வெட்டி எடுப்பவரும் நம்மைப்போல் ஒரு மனிதர்தான். பெரும்பாலும் நம் ஆட்களில் ஒருவர்.

அடைத்துக்கொண்டால் நாங்களே மூடியைத் திறந்து பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். முன்னே சொன்ன அந்த வாயு, பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கை மரக்கச் செய்துவிடும். மணம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று ஆள் நினைக்கும் நேரம்தான் ஆபத்து கூடிய நேரம். 500க்கு மேல் சில நிமிடத்தில் மயக்கம். 1,000ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சே போதும். அது காற்றை விடக் கனமானது, கிணற்றின் அடியில் தேங்கி நிற்கும். விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாம் ஆளும் மூன்றாம் ஆளும் விழுவது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கிறது.

புதிய நிலையத்தில் யாரும் உள்ளே இறங்கத் தேவையில்லாத அமைப்பு வேண்டும் என்று ஊர் கேட்க வேண்டும். பம்பியைத் தண்டவாளக் கம்பியில் சங்கிலி போட்டு மேலே இழுத்துக் கழற்றலாம், மறுபடி இறக்கினால் தானாகப் பொருந்தும். இது புதிய தொழில்நுட்பமல்ல. வால்வுகளைக் கிணற்றுக்கு வெளியே தனிப் பெட்டியில் வைக்கலாம். தவிர்க்க முடியாமல் இறங்குகிறார்கள் என்றால் வாயு அளக்கும் கருவி, காற்றோட்டம், மூச்சுக்கருவி, இடுப்புப் பட்டியோடு மேலே நிற்கும் ஆட்கள் எல்லாம் வேண்டும். இவை இல்லாமல் ஒரு தொழிலாளியை இறக்குவதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் மாநகர சபை ஊழியரா, கொந்தராத்து ஆளா என்பது முக்கியமல்ல.

இரவில் சத்தம் தூங்க விடுமா?

நீருக்குள் மூழ்கி ஓடும் பம்பியின் சத்தம் வெளியே அதிகம் கேட்காது. ஜெனரேட்டரும் காற்று விசிறியும்தான் கேட்கும். 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபைப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் எல்லை. மாநகர, நகர சபைப் பகுதியில் பகல் 63, இரவு 50. இரவு என்பது மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணிவரை. பம்பி நிற்கும் ஒவ்வொரு முறையும் "டங்" என்று அடி விழுவதுபோல் கேட்டால், மேட்டுக் குழாயிலிருந்து திரும்பி ஓடிவரும் நீர் ஒருவழி வால்வை அறைகிறது என்று பொருள். அது தூக்கத்தை மட்டுமல்ல, குழாய் மூட்டையும் கெடுக்கும். உடனே அறிவியுங்கள்.

வேலை நடக்கும் மாதங்களில் மலசலகூடம் பாவிக்கலாமா?

பாவிக்கலாம். புதியதைக் கட்டி முடித்துச் சோதித்துப் பார்க்கும்வரை பழையது ஓடிக்கொண்டிருக்கும். மாற்றி இணைக்கும் நாளில் மட்டும், வரத்துக் குறைந்த நள்ளிரவுக்குப் பின், தற்காலிகப் பம்பியும் பவுசரும் வைத்துச் சில மணித்தியாலத்தில் முடிப்பார்கள். அந்த இரவு தண்ணீர்ப் பாவனையைக் குறைக்கச் சொல்லி முன்கூட்டியே தமிழிலும் அறிவிக்க வேண்டும். மழைக்காலத்தில் இந்த மாற்றத்தை வைக்க விடாதீர்கள்.

காணி எடுத்தால் எங்களுக்கு என்ன உரிமை?

அரசாங்கம் தனியார் காணி எடுப்பது 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின்படி. இரண்டாம் பிரிவு அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அந்த இடத்தில் ஒட்டப்பட வேண்டும். அது ஆய்வுக்கு மட்டுமே, காணி போய்விட்டதாக அர்த்தமில்லை. நான்காம் பிரிவு அறிவித்தலில்தான் ஆட்சேபம் சொல்ல அவகாசம் தரப்படும், அது குறைந்தது 14 நாள். நட்டஈட்டுத் தொகை போதாது என்றால் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

லயத்தில் இருப்பவர்கள் நிலைமை வேறு. காணி உறுதி அவர்கள் பெயரில் இல்லை. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியிடம். அறிவித்தல் கம்பனிக்குப் போகும், இழப்பு குடும்பத்துக்கு வரும். வீட்டோரத்து மரக்கறிப் பாத்தி, மாட்டுக்கொட்டில், பலா மரம் எல்லாம் கணக்கில் வராமல் போகலாம். அளவையாளர் வரும் நாளிலேயே இவற்றைப் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் பட்டியல் கொடுத்து, பிரதேச செயலாளருக்கும் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். தோட்டத்துத் தலைவர்மாரும் சங்கங்களும் சம்பளப் பேச்சோடு நிறுத்தாமல் இதிலும் கூடவே நிற்க வேண்டும்.

திட்ட விவரத்தை யாரிடம் கேட்பது?

முதலில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிராந்திய அலுவலகம், அல்லது நிலையம் எந்த உள்ளூராட்சி சபையின் கீழ் இருக்கிறதோ அது. வாயால் பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கை, வெள்ள மட்டம், வழிவு வாயின் இடம், பராமரிப்புக்கு வருடாந்தம் ஒதுக்கும் தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் ஒளித்துவைக்கப்படுவது.

மின்சாரச் செலவு எங்கள் தலையில் விழுமா?

நம் உதாரணத்தில் 25 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற நாளுக்குச் சுமார் 31 அலகு போகும். 600 வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு மாதம் ஒன்றரை அலகு. பெரிய பாரமில்லை. மழைநீர் சேர்ந்தால் மட்டும் இந்தக் கணக்கு எகிறும்.

பழைய கிணற்றையும் எங்கள் வீட்டுக் குழியையும் என்ன செய்வது?

பழைய கிணற்றை வெறுமனே பூட்டிவிட்டுப் போக விடக்கூடாது. கசடு முழுக்க இறைத்து, கிருமி நீக்கம் செய்து, இயந்திரங்களைக் கழற்றி, மேல்தளத்தை இடித்துக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்ப வேண்டும். ஓடைக்கரை மதிலையும் திரும்பக் கட்ட வேண்டும். இதைக் கொந்தராத்திலேயே சேர்க்காவிட்டால், ஆட்கள் போன பிறகு யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

புதிதாக இணைப்புக் கிடைக்கும் வீடுகளும் தங்கள் குழியைப் பவுசரால் காலியாக்கி, சுண்ணாம்பு தூவி, அடித்தளத்தில் துளை போட்டு மண் நிரப்பிவிட வேண்டும். நிரப்பாத குழியில் மழைநீர் தேங்கினால் நுளம்பு பெருகும். சரிவில் என்றால் அந்தத் தேங்கிய நீர் கீழ்வீட்டு மதிலைத் தள்ளும். நிரப்பும்வரை குழி மூடியின்மேல் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.